இலைக்கஞ்சியும் பழச்சாறும் பிழைத்துப் போனால்

விசுவமடுவில் எங்கள் வீட்டில் காலையில் இலைக்கஞ்சி, பின்னேரத்தில் பழச்சாறு. பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று தொடங்கிய பழக்கம். இப்போது எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் சாறு கசந்தாலும், பால் திரிந்தாலும், பிளெண்டர் நின்றாலும், கிளாசையோ ஜக்கையோ கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படலையைத் திறக்கிறார்கள். வருவது அநேகமாக ஒரே பிழைகள்தான். சாமானில் குறை இருப்பது அரிது. எதை முன்னுக்குப் போட்டோம், எதைப் பின்னுக்குப் போட்டோம், செய்து எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதில்தான் பிழைக்கிறது. ஆகவே புது மெஷின் வாங்க முதல், கீழே உங்கள் பிழையின் அறிகுறியைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க நான் எடுக்கும் அளவு இது. பச்சைச் சாறு என்றால் ஒரு பிடி இலை, இரண்டு பிடி பழம், ஒரு கிளாஸ் தண்ணீர் அல்லது இளநீர். இலைக்கஞ்சி என்றால் நாலு பேருக்கு அரைக் கோப்பை சிவப்புப் பச்சையரிசி, ஆறு கோப்பை தண்ணீர், இரண்டு பிடி இலையை அரைத்து வடித்த சாறு, அரைக் கோப்பை தேங்காய் முதற்பால், இரண்டு பல்லு உள்ளி, அளவுக்கு உப்பு.

## கசக்கிறது

### முதல் வாயிலேயே கசப்பு

இலையின் வயதைப் பாருங்கள். முருங்கையில் நுனியிலிருந்து மூன்று நாலு ஈர்க்கு வரைதான் சாறுக்கு எடுப்பேன். அதற்குக் கீழே உள்ளது வறைக்கு. வல்லாரையும் அப்படித்தான், உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த இலை வேண்டாம். குறிஞ்சாவும் தூதுவளையும் பிறவியிலேயே கசப்பு. கஞ்சிப் பானை ஒன்றுக்கு ஐந்தாறு இலை காணும்.

இலை இளசாக இருந்தும் கசந்தால் விதையைத் தேடுங்கள். சாற்றை வடியில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக ஏதாவது நின்றால் அது தேசிக்காய் அல்லது தோடம்பழ விதை அரைபட்டது. தோடம்பழத்தின் உள்வெள்ளைத் தோலும் அதே வேலையைச் செய்யும். பிழிந்து விதை எடுத்த பிறகே ஜக்குக்குள் விடுங்கள்.

செய்த சாற்றைக் கொட்டத் தேவையில்லை. ஒரு சிட்டிகை உப்பும், நன்றாகக் கனிந்த கதலி வாழைப்பழம் ஒன்றும் போட்டு இன்னொருமுறை அடித்தால் குடிக்கலாம். சீனி அள்ளிப் போட்டு மறைப்பது சரியல்ல. அதற்கு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம்.

### செய்தபோது நல்லாய் இருந்தது, வைத்த பிறகு கசந்தது

இது பப்பாசிப் பால். பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருநாள் ஒரு ஜக் அடித்து, விருந்தாட்கள் வரச் சுணங்கியதால் மேசையில் மூடி வைத்துவிட்டாள். முக்கால் மணித்தியாலம் கழித்துக் கிளாசைச் சரித்தால் ஊற்றுப்படவில்லை. ஜெலி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் கசிந்தது. நுனி நாக்கில் வைத்தாலே கசப்பு. "அக்கா, பால் பழுதோ?" என்று கேட்டாள். பாலில் ஒரு பழுதும் இல்லை. இறைச்சி அவியப் பப்பாசிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே சத்துத்தான் பாலையும் உடைக்கிறது. அன்னாசியும் பாலோடு இப்படியே செய்யும்.

பப்பாசிப் பால் என்றால் ஆட்கள் கதிரையில் இருந்த பிறகு அடியுங்கள். பத்து நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் பாலை விட்டுவிட்டுத் தோடம்பழச் சாறோ இளநீரோ சேருங்கள். அன்னாசியைச் சிறு துண்டாக்கிக் கொஞ்சத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றினால் பாலோடு ஒத்துப்போகும். பப்பாசிக்கு இந்த வழியை நான் நம்புவதில்லை.

### வெள்ளரியோ சுரைக்காயோ போட்ட சாறு கசக்கிறது

இதை மட்டும் திருத்தப் பார்க்க வேண்டாம், கொட்டுங்கள். வெட்டியவுடன் ஒரு சீவலை நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. கசந்தால் அந்தக் காய் குப்பைக்கு. உப்பும் தேனும் கசப்பை மறைக்குமே தவிர நஞ்சை எடுக்காது. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரே போயிருக்கிறது. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுக் குத்து, இரத்தம் கலந்த வயிற்றோட்டம் என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

## பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிறது

கஞ்சியில் என்றால் முதற்காரணம், இலைச்சாற்றை அரிசியோடு சேர்த்தே அவித்தது. அரிசி குழைந்து, உள்ளி அவிந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் இலைச்சாறு. ஊற்றியபின் மூடாமல் ஒரே ஒரு கொதி. அடுப்பை நிறுத்திவிட்டு முதற்பால்.

இரண்டாவது காரணம் தேசிக்காய். பானைக்குள் புளி விட்டால் பச்சை நிற்காது. அவரவர் கோப்பையில், குடிக்கும்போது பிழிய வேண்டும். மூன்றாவது, இரும்புச் சட்டி. எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லது. அப்பச்சோடா போட்டால் பச்சை நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான், ஆனால் சில விற்றமின்கள் அழியும், வாயில் சவர்க்கார ருசி வரும். நான் போடுவதில்லை.

பழத்தில் கதை நேர்மாறு. வாழைப்பழம், கொய்யா, மாம்பழம் வெட்டி வைத்துக் கறுத்தால் அங்கே தேசிக்காய்தான் மருந்து. ஆகவே இலையும் வாழைப்பழமும் சேர்ந்த சாறு என்றால் வெட்டி வைக்காமல் நேரே ஜக்குக்குள் போட்டு அடித்துக் குடியுங்கள். பழுப்பாகிப் போனதால் மட்டும் சாறு கெட்டதாகாது. கெட்டதா என்பதை மணம் சொல்லும்.

## திரிந்துவிட்டது

பசுப்பாலில் தேசிக்காய், அன்னாசி, புளி மாம்பழம் எது பட்டாலும் திரியும். பாலும் பழமும் குளிராக இருந்தால் குறையும். பழத்தை முதலில் தனியே அடித்துப் பாலைக் கடைசியில் விட்டு ஐந்து விநாடி மட்டும் சுற்றினால் இன்னும் குறையும். புளிப்புப் பழம்தான் வேண்டுமென்றால் தயிர் சேருங்கள். எங்கள் பக்கத்து எருமைத்தயிரும் விளாம்பழமும் பனங்கட்டியும் சேர்த்து ஒருமுறை அடித்துப் பாருங்கள், பால் பக்கமே போகமாட்டீர்கள். (1 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்தச் சாற்றிலும் தேன் மட்டும் கலக்க வேண்டாம்.)

தேங்காய்ப்பால் கஞ்சியில் பிரிந்து எண்ணெய் மிதந்தால் கொதிக்கும்போது விட்டிருக்கிறீர்கள். ருசிக்கு ஒன்றும் குறையாது, அகப்பையால் அடித்துக் கலக்கிவிட்டுக் குடிக்கலாம்.

## நார், திப்பி, தொண்டையில் சிக்குகிறது

இதற்குத்தான் அநேகம் பேர் பிளெண்டரைக் குற்றம் சொல்கிறார்கள். போட்ட ஒழுங்கைக் கேட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்திருப்பார்கள். இலையும் தண்ணீரும் மட்டும் முதலில், அரை நிமிடம். சுவரில் ஒட்டியதை வழித்துவிட்டு இன்னொரு அரை நிமிடம். தண்ணீர் ஒரே பச்சையாகி, விரலால் தொட்டால் இலைத்துண்டு தட்டுப்படாத பிறகு பழம். ஐஸ் கடைசியில். ஐஸ் முதலில் போனால் இலை அதற்கு மேலே ஏறி மிதக்கும், பிளேட்டுக்கு அகப்படாது.

முருங்கை ஈர்க்கு, வல்லாரைத் தண்டு எத்தனை முறை அடித்தாலும் நார்தான். உருவிப் போடுங்கள். தூதுவளை இலையில் முள் இருக்கும், நரம்போடு சேர்த்துக் கிள்ளி எடுக்காவிட்டால் தொண்டையில் குத்தும். நார் மாம்பழத்தை அடிக்காமல் கையால் பிசைந்து வடியில் தேய்த்துச் சேர்க்கலாம். கறுத்தக்கொழும்பான் கிடைக்கும் காலத்தில் இந்தப் பாடே இல்லை.

இவ்வளவும் செய்தும் திப்பி நின்றால் பிளேட் மழுங்கியிருக்கலாம். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பு மின்னி உருண்டிருக்கும். முழு மெஷின் வாங்கத் தேவையில்லை, பிளேட் செட் தனியாகக் கிடைக்கும். பழைய பிளேட்டைக் கையோடு கொண்டு போங்கள், இல்லாவிட்டால் மரை ஒத்து வராது.

## மேலே நுரை, கீழே தண்ணீர்

தண்ணீர் கூட, அல்லது அதிக நேரம் அடித்தது. அரை வாழைப்பழமோ ஊறவைத்த ஒரு பிடி கச்சானோ சேர்த்தால் கட்டுப்படும். இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் கரண்டியால் கலக்குங்கள்.

## மணமும் ருசியும் சரியில்லை

பச்சை மணம் என்றால் இலை கூட. ஒரு பிடியை அரைப் பிடியாக்கி, சிறு துண்டு இஞ்சி சேருங்கள்.

சேற்று மணம் வந்தால் கழுவியது காணாது. வல்லாரை வாய்க்கால் ஓரத்தில் வளருவது. தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தி அலசி, இலையைத் தூக்கி எடுங்கள். தண்ணீரைச் சரித்து ஊற்றினால் மண் திரும்ப இலையிலேயே படியும். அடியில் மண் தெரியாத வரைக்கும் மாற்றிக் கழுவி, கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில். மாரி வெள்ளம் ஏறி வடிந்த இடத்து இலையைப் பச்சையாக அடிக்கவே வேண்டாம். கொதிக்கும் கஞ்சிக்கு மட்டும்.

உப்புப்போட்ட மாதிரி அல்லது சுண்ணாம்பு மாதிரி ருசி என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் கல்லுத் தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. ஒருநாள் சாற்றை இளநீரில் அடித்துப் பாருங்கள். ருசி சரியாக வந்தால் பிழை தண்ணீரில்தான். பிறகு சாறுக்கு மட்டுமாவது வடிகட்டிய தண்ணீர் வாங்குங்கள்.

புளித்த மணம் வந்து, போத்தல் மூடியைத் திறக்க "புஸ்" என்றால் கொட்டிவிடுங்கள். எங்கள் வெக்கையில், 32 பாகைக்கு மேலே, 1 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்த சாற்றை நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டேன். ஃபிரிட்ஜில் என்றாலும் ஒரு நாள்தான். கரண்ட் நின்று வந்த நாளில் அதுவும் இல்லை. சேமிக்க வேண்டுமென்றால் சாறாக வேண்டாம், அரைத்த இலையை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது இரண்டு கட்டி எடுங்கள்.

## பிளெண்டர் மக்கர் பண்ணுகிறது

எதைத் தொட முன்னும் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் காணாது.

### உயிரே இல்லை

ஜக் பூட்டு முழுக்கத் திரும்பவில்லை என்பதுதான் பத்தில் ஏழு. கழற்றி, "டக்" என்று கேட்கும்வரை திருப்பிப் பூட்டுங்கள். அடுத்து அதே பிளக்கில் வேறொரு சாமானைச் செருகிப் பாருங்கள். அது ஓடினால் மெஷினைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள், சிலவற்றில் சிறு சிவப்புப் பொத்தான் இருக்கும். சூடானால் அது தானாகத் தெறிக்கும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு உள்ளே அமர்த்துங்கள். இவை ஒன்றும் இல்லையென்றால் வயரோ சுவிச்சோ காபன் பிரஷ்சோ (மோட்டருக்குள் கரண்டைக் கடத்தும் சிறு கரித்துண்டு) போயிருக்கும். அதைத் திருத்தும் கடைக்குக் கொடுங்கள்.

### உறுமுகிறது, சுற்றவில்லை

பிளேட்டில் ஏதோ இறுகியிருக்கிறது. ஐஸ் கட்டியோ விதையோ உறைந்த வாழைப்பழமோ. பிளக்கைக் கழற்றி, மரக்கரண்டிக் காம்பால் பிளேட்டை அசையுங்கள். வெறும் ஜக்கோடும் உறுமினால் வீட்டு லைட்டைப் பாருங்கள். பின்னேரத்தில் லைட் மங்கி எரிந்தால் கரண்ட் குறைவு, 230 வோல்ட் வரவில்லை. அந்த நேரத்தில் ஓட்டினால் மோட்டர் எரியும். நாளும் அப்படியென்றால் மின்சாரக் கோளாறு அறிவிக்கும் 1987க்குச் சொல்லுங்கள்.

### மோட்டர் ஓடுகிறது, பிளேட் ஓடவில்லை

ஜக்கைத் தூக்கி அடியைப் பாருங்கள். மெஷினின் தலையில் கறுப்பு றபர் தூள் கொட்டியிருந்தால், மோட்டரையும் பிளேட்டையும் கோர்க்கும் கப்ளர் தேய்ந்துவிட்டது. பற்கள் இருந்த இடம் வழுவழுவென்று வட்டமாக இருக்கும். இது மலிவான சாமான், நீங்களே மாற்றலாம். அநேகமானவற்றில் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும், வழக்கமான பக்கம் திருகித் திருகி உடைத்தவர்களை எனக்குத் தெரியும். கப்ளர் அடிக்கடி போனால் ஐஸ் கூடப் போடுகிறீர்கள்.

### அடியால் ஒழுகுகிறது

றபர் வாசரைக் கழற்றிக் கழுவி, மடிப்பில்லாமல் போட்டுப் பாருங்கள். நசிந்து தட்டையாகியிருந்தால் புதிது. அதன் பிறகும் பிளேட்டின் நடுக்கம்பி வழியே ஒழுகினால் பிளேட் செட்டையே மாற்ற வேண்டும். ஒழுகிய தண்ணீர் மோட்டருக்குள் இறங்கியிருந்தால் வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

### மூடி பறந்தது

சுடுகஞ்சியை மூடி அடித்தால் ஆவி மூடியைத் தள்ளும், முகம் வெந்துவிடும். ஆறிய பிறகு மட்டும் அடியுங்கள்.

### எரிந்த மணம், பொறி, கை சுரீர் என்கிறது

புது மெஷினில் முதல் ஒன்றிரண்டு முறை லேசான மணம் வரலாம். மற்றபடி ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டினீர்களா என்று யோசியுங்கள். வீட்டு பிளெண்டர் அதற்குச் செய்ததல்ல. ஆறிய பிறகும் மணம், புகை, காற்றுத் துளையில் பெரிய பொறி என்றால் நிறுத்துங்கள். காபன் பிரஷ் மாற்றிச் சரிவந்தால் நல்லது. மோட்டர் கம்பி எரிந்திருந்தால் திருத்தும் செலவு புதிதின் பாதியைத் தாண்டுகிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தொட்டால் சுரீர் என்றாலோ ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ இன்னொருமுறை போட்டுப் பார்ப்பதே கூடாது. பிளெண்டருக்கு மட்டும் விழுந்தால் மெஷினைக் கடைக்குக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் விழுந்தால் வீட்டு வயரிங் பார்க்கக் கரண்ட் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## குடித்த பிறகு உடம்பில் தெரிகிறது

வயிறு ஊதுகிறது, இளகுகிறது. முதல் நாளே பெரிய கிளாஸ் குடித்திருப்பீர்கள். கால் கிளாசில் தொடங்கிக் கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பால் விட்டதில் மட்டும் வந்தால் பாலை நிறுத்துங்கள். தண்ணீராகப் போனால் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துக் குடியுங்கள். காய்ச்சலோ இரத்தமோ சேர்ந்தால் ஆஸ்பத்திரி.

நாக்கு, தொண்டை கடிக்கிறது. அன்னாசி என்றால் உப்புத் தண்ணீரில் அலசிப் போடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது ஒவ்வாமை, உடனே 1990.

சிறுநீர் சிவப்பு. முதல்நாள் பீட்ரூட் குடித்தீர்களா? அப்படியென்றால் பயமில்லை. குடிக்காமல் சிவந்தால் வைத்தியரிடம்.

கை நடுக்கம், வியர்வை. சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பச்சைச் சாறு மட்டும் குடித்தவர்களிடம் பார்த்திருக்கிறேன். சீனி இறங்கியிருக்கும். மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு. மறுபக்கம், வடித்த பழச்சாறு சீனியை விரைவாக ஏற்றும். அவர்கள் பழத்தைக் கடித்துச் சாப்பிடுவதே நல்லது.

சிறுநீரக வருத்தம் உள்ளவர். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றாலும் தவறில்லை. வவுனியாப் பக்கம் நாட்பட்ட சிறுநீரக வருத்தக்காரர் எத்தனை குடும்பங்களில்! கீரை, வாழைப்பழம், இளநீர், தோடம்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் கழித்துவிடும், பழுதானது தேக்கிவைக்கும், இதயத்துடிப்பு பிசகும். உடம்புக்கு நல்லது என்று அன்பாகக் கரைத்துக் கொடுக்கும் அதே கிளாஸ்தான். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் காட்டி, எந்த இலை, எந்தப் பழம், எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். காமரங்காய் என்கிற நட்சத்திரப் பழம் மட்டும் கேள்வியே இல்லை, ஒரு துண்டும் கொடுக்க வேண்டாம். அதைச் சாப்பிட்ட சிறுநீரக வருத்தக்காரருக்கு விடாத விக்கல் எடுத்தாலோ, கதை தடுமாறினாலோ அன்றே ஆஸ்பத்திரி. சுகதேகிகளும் அதையோ பிலிம்பிக்காயையோ வெறுவயிற்றில் கிளாஸ் கிளாசாகச் சாறு அடித்துக் குடிக்கக்கூடாது, அதனாலேயே சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு.

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவர்கள் கீரைச் சாற்றைத் திடீரென்று தொடங்கவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பிணிகள் பப்பாசிக்காயையும் மருந்து இலைகளையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம். மரவள்ளி இலையை யாருமே பச்சையாக அடிக்கக்கூடாது, அதில் சயனைட் இருக்கிறது. இலை என்ன இலையென்று ஐயம் என்றால் ஒரு கொப்போடு அரச சித்த வைத்தியசாலைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் மிஞ்சிய சாற்றை ஒரு சிறு போத்தலிலும், அரைக்காத இலையில் ஒரு பிடியைப் பையிலும் கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தது, வழக்கமாக என்ன குளிசை போடுகிறவர் என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.